செக்ரோலில் பேர் உண்டு, இடாப்பில் இல்லை: மலையகத் தமிழரின் வாக்கு பறிபோன கதை

1950ஆம் ஆண்டு. இலங்கையின் சப்ரகமுவப் பகுதியில் ருவன்வெல்ல என்றொரு தேர்தல் தொகுதி. அந்த வருஷத்து வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார் கொடக்கன்பிள்ளை என்ற இந்திய வம்சாவளித் தமிழர், அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்த மலையகத் தமிழர். பதிவு அதிகாரி முடனாயக்க மறுத்துவிட்டார். மறுப்புக்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: நீ இலங்கைப் பிரஜை இல்லை.

கொடக்கன்பிள்ளை விடவில்லை. இடாப்பைத் திருத்தும் அதிகாரியிடம் முறையிட்டார். அந்த அதிகாரி சிவஞானசுந்தரம். பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் சிறுபான்மையினரைக் காக்கும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, அதனால் செல்லாதவை, பெயரைச் சேருங்கள் என்று அவர் தீர்ப்பெழுதினார். ஒரு வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர், நாட்டின் நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களைச் செல்லாது என்று எழுதியிருக்கிறார். இந்த விவகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடும் இடம் இது. அதற்குப் பிறகு வந்த பெரிய பெரிய நீதிபதிகள் யாரும் செய்யாததை அவர் செய்தார்.

அரசு தரப்பு கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1951ல் சிவஞானசுந்தரத்தின் முடிவு ரத்தானது. வழக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1953ல் அங்கேயும் தோற்றது. அந்த ஒரு பெயரோடு பல லட்சம் பெயர்களும் வெளியே நின்றன. அவை திரும்ப உள்ளே வர அரை நூற்றாண்டு ஆனது.

வாக்குரிமை பறிப்பு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அடிதடி, சாவடியைக் கைப்பற்றுவது, கள்ள ஓட்டு. மலையகத்தில் அது எதுவும் நடக்கவில்லை. படிவம், விண்ணப்பம், சான்றிதழ், கெடு தேதி என்று எல்லாம் சட்டப்படி நடந்தது. அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இடாப்புக்குள் வந்தது எப்படி

1931ல், வெள்ளைக்காரர் ஆட்சியில், டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது, ஆசியாவிலேயே முதன்முதலாக ஆண் பெண் எல்லோருக்குமான வாக்குரிமை இலங்கைக்குக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் மட்டும் அப்போதே ஒரு கொக்கி இருந்தது. இந்த நாட்டிலேயே நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும். அப்படியும் ஏராளமானோர் பதிந்தார்கள். 1931ல் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போய் தொழில் அமைச்சரானார். 1936ல் அதே ஹட்டனிலிருந்து போனவர் கோ. நடேசய்யர். தோட்டங்களுக்குள் தொழிற்சங்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். அவர் மனைவி மீனாட்சியம்மை உரிமைப் பாட்டுகளை எழுதி, மேடையேறிப் பாடிய பெண்.

1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 11.7 சதவீதம். 1947 பொதுத் தேர்தலில் மொத்தம் 95 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதில் 6 இடம் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. இன்னும் பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அதாவது, ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு எதிராக விழுந்தது.

கண்டிச் சிங்களக் கிராமத்தாரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்களின் சுற்றுவட்டக் காடும் மேய்ச்சல் நிலமும் 19ஆம் நூற்றாண்டில் அரசு நிலம் என்ற பேரில் பறிக்கப்பட்டு, காப்பித் தோட்டமாகி, பிறகு தேயிலைத் தோட்டமானது. தங்கள் ஊரின் பிரதிநிதியை வந்தேறிகள் தீர்மானிக்கிறார்கள் என்ற கோபம் அங்கே உண்மையிலேயே இருந்தது. நிலத்தைப் பறித்தது வெள்ளைக்காரக் கம்பெனி. கோபத்துக்கு விலை கொடுத்தது கொழுந்து கிள்ளியவர்கள்.

படிவம் சொன்ன கதை

1948 பிப்ரவரி 4ல் சுதந்திரம். அந்த ஆகஸ்ட் 20லேயே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல்லும் இல்லை, 'தோட்டம்' என்ற சொல்லும் இல்லை. இலங்கையில் பிறந்தவர் பரம்பரை வழியாகப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவான விதி.

ஒரு தொழிலாளியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம். 1910ல் மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அப்பா ஐந்து வயதில் திருச்சிப் பக்கமிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இவருக்கு 1948ல் 38 வயது. பிறந்ததிலிருந்து இந்த மலையைத் தாண்டிப் போனதில்லை. 1947ல் வாக்குப் போட்டவர். இவர் பிரஜை இல்லை, ஏனென்றால் அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்துவிட்டார். சரி, அப்பாவும் இங்கேயே 1885 வாக்கில் பிறந்தவர் என்று மாற்றி வைத்துக்கொள்வோம். அப்போதும் சான்று வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். லயத்துக் காம்பராவில் 1885ல் ஒரு பிள்ளை பிறந்ததை யார் எழுதி வைத்தார்கள்? அம்மா இங்கே பிறந்தவள் என்பதற்குச் சான்று இருந்தாலும் பயனில்லை. சட்டம் கேட்டது ஆண் வழியை மட்டும். கூடையைச் சுமந்து மலையேறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பிறந்த இடம் கணக்கிலேயே வரவில்லை. தாய் வழியாகவும் பிரஜையாகலாம் என்று அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2003ல்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு இருந்தது. செக்ரோல். விடியும் முன்பே பிரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், பெயர் கூப்பிடப்படும், எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லப்படும். கொழுந்தை நிறுத்து, எத்தனை ராத்தல் என்று குறித்துக்கொள்வார்கள். குறைந்தால் அரைப் பேர். 'இன்றைக்குப் பேர் விழுந்ததா' என்றால் தோட்டத்தில் 'நாள் கூலி கிடைத்ததா' என்று அர்த்தம். அரிசிக்குப் பிடித்தது, முன்பணத்துக்குப் பிடித்தது எல்லாம் அதில் ஏறும். நாள் தவறாமல், வருஷக்கணக்காக, ஒரு மனிதர் இந்த மண்ணில் எந்த மலையில் என்ன வேலை செய்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி இருக்க முடியாது. இலங்கையில் வேறு எந்தச் சமூகத்தைப் பற்றியும் இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் அந்தப் புத்தகம் இருந்தது தோட்ட நிர்வாகியான துரையின் ஆபீசில். சட்டம் சான்று கேட்டது தொழிலாளியின் கையில்.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு சட்டங்கள். ஒன்று, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்பு, திருமணமானவர் 7 ஆண்டும் திருமணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததாக நிரூபித்தால் பதிவுப் பிரஜையாகலாம். இரண்டு வருஷக் கெடு, 1951 ஆகஸ்டு வரை. இரண்டாவது, தேர்தல் திருத்தச் சட்டம்: பிரஜையானால் மட்டுமே இடாப்பில் பெயர்.

மூன்றையும் அடுக்கி வைத்தால்தான் பூட்டு தெரியும். முதலாவது, நீ பிரஜை இல்லை என்றது. மற்றொன்று, பிரஜை இல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. நடுவில் இருப்பது திறந்த கதவு போலக் காட்சி தந்தது. இந்தியாவில் தாய் சாவுக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் 'இடைவிடாத வாசம்' அறுந்துபோகும். மனைவியும் பிள்ளைகளும் எங்கே வாழ்ந்தார்கள் என்றும் காட்ட வேண்டும். இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னது, பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. அந்தப் புறக்கணிப்பில் போன மாதங்கள் மக்களுக்கு நஷ்டம் என்பதே என் எண்ணம். கடைசியில் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பத்துப் பன்னிரண்டு வருஷம் விசாரித்துக் கொடுத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

வடக்குத் தமிழரின் அரசியலும் இதில்தான் பிளந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்தவர், பிறகு அதே அரசில் அமைச்சரானார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். என்.எம். பெரேரா போன்ற சிங்கள இடதுசாரித் தலைவர்கள் நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதையும் மறக்கக் கூடாது. கொடக்கன்பிள்ளை பெயர் கேட்ட ருவன்வெல்லத் தொகுதியின் உறுப்பினர் அந்த பெரேராதான்.

நீதிமன்றம் எதைப் பார்த்தது

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, சிறுபான்மையினருக்கென்றே வைத்த காவல். மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தார் மீது மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது அது. சுதந்திரம் வாங்கும்போது 'பயப்படாதீர்கள், இது இருக்கிறது' என்று சுட்டிக்காட்டப்பட்ட பிரிவு.

உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைப் பார்த்தது. சொற்களில் பாகுபாடு இல்லை, எல்லோருக்கும் ஒரே விதி. நடைமுறையில் யார் வெளியே போகிறார்கள் என்பது சட்டத்தைப் பொருள்கொள்வதற்குத் தேவையில்லை என்றது. பிரிவி கவுன்சில், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை என்றது. அதோடு 1949 சட்டத்தைக் காட்டி, பதிவு செய்துகொள்ள வழிதான் இருக்கிறதே என்றது.

வழி இருந்தது என்பது காகிதத்தில் சரி. பின்னால் வந்த எண்ணிக்கை, ஆறு பேருக்கு ஒருவர்தான் அந்த வழியில் கடந்தார் என்று காட்டியது. அதைவிட முக்கியமான ஒன்று நீதிமன்றத்தின் முன்னால் அப்போதே இருந்தது. இவர்கள் புதிதாக வந்து வாக்குக் கேட்டவர்கள் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே நாட்டு இடாப்பில் பெயர் இருந்து, வாக்குப் போட்டு, உறுப்பினர்களை அனுப்பியவர்கள். இருந்த பெயரை எடுக்க வேண்டுமென்றால் எடுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். இங்கே பெயரை இழந்தவர் முப்பாட்டன் பிறந்த இடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமையைத் தலைகீழாக மாற்றியதுதான் முழு அநியாயமும். நீதிமன்றங்கள் அதைத் தொடவே இல்லை.

1964ல் வேறொரு இலங்கை வழக்கில் இதே பிரிவி கவுன்சில், 29(2) இனங்களுக்கு இடையே செய்துகொண்ட புனிதமான உடன்பாடு, மாற்ற முடியாதது என்ற பொருளில் எழுதியது. மலையகத்துக்கு அது பதினொரு வருஷம் தாமதம். 1972ல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே காணாமல் போனது.

ஆளை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை

பலரும் கவனிக்காத ஒன்று தொகுதி எல்லை. சோல்பரி முறையில் 75 ஆயிரம் மக்களுக்கு ஒரு தொகுதி, அதோடு ஒவ்வொரு 1000 சதுர மைலுக்கும் கூடுதலாக ஒன்று. 'மக்கள்' என்றால் பிரஜைகள் மட்டும் என்று பொருள் கிடையாது, மொத்தக் குடிசனம். அதனால் தோட்டத் தமிழரின் வாக்கு போனது, ஆனால் அவர்களின் தலை எண்ணிக்கை மலைநாட்டுத் தொகுதிகளைத் தாங்கி நின்றது. 1959 எல்லை நிர்ணயத்திலும் மொத்த மக்கள்தொகையே அடிப்படை. லயங்கள் நிறைந்த ஒரு தொகுதியில் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வாக்காளர் சிலர், மற்ற ஊர்களில் பல மடங்கு பேர் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் அதே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். பறித்த வாக்கின் எடை, பறித்தவர் பக்கம் போய்ச் சேர்ந்தது. இதைத் திருத்துவதில் பெரும்பான்மைக்கு ஏன் அவசரமில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

1952 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. தொண்டமான் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது, பயனில்லை. அவர் மறுபடி நாடாளுமன்றத்துக்குள் போனதே 1960ல், நியமன உறுப்பினராக.

வாக்கில்லாத மக்களைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மிச்சத்தை 75 ஆயிரமாகப் பாதி பாதி பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை. விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்குப் போக முன்வந்தவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கையை எட்டவில்லை. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலைநாட்டில் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அங்கே இவர்கள் 'சிலோன்காரர்'.

திரும்பி வந்த விதம்

1977ல் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராக வென்றார் தொண்டமான். 1947க்குப் பிறகு மலையகத் தமிழரின் வாக்கில் தேர்வான முதல் ஆள். 1978 அரசியலமைப்பு, பரம்பரைப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பேதத்தை நீக்கி விகிதாசாரத் தேர்தலையும் கொண்டுவந்தது. அதோடு தோட்டங்களில் தொழிற்சங்கத்தின் பலம், அரசுக்கு அதன் வாக்குகள் தேவைப்பட்டது, எல்லாம் சேர்ந்து 1986லும் 1988லும் நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டங்கள் வந்தன. கப்பல் நின்றுபோனதால் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் அப்போதும் மிச்சமிருந்தார்கள்.

அவர்களுக்கும் சேர்த்து வந்தது 2003 அக்டோபர் சட்டம். நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள். இன்னார் நான், இப்படி வாழ்ந்து வருகிறேன் என்ற ஒரு பிரகடனம் போதும். ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கமும் தன்னார்வலர்களைத் திரட்டி, ஊர் ஊராக நடமாடும் முகாம்களை நடத்தின. அந்த டிசம்பரில் பத்து நாள் சொச்சத்தில் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். 1949 சட்டத்தில் பத்து வருஷத்துக்கு மேல் விசாரித்துக் கொடுத்ததைவிட அதிகம். நிரூபிக்கும் சுமையை மக்களின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீர்திருத்தம் என்று பேசும்போது நான் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். இலங்கையின் இன்றைய அரசியலமைப்பு, வாக்குரிமையை மக்களின் இறைமையோடு சேர்த்து வைத்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும். நல்லது. ஆனால் யார் பிரஜை என்பதை வரையறுப்பது இன்னமும் திருத்தங்களோடு கூடிய அந்த 1948 சட்டம்தான். வாக்கைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, பெட்டகத்தின் சாவியைச் சாதாரணப் பெரும்பான்மையின் கையில் விட்டுவைக்கக் கூடாது. ஒரு முறை இடாப்பில் ஏறிய பெயரை நீக்க வேண்டுமானால் அந்த ஆளுக்குத் தனியாக அறிவித்து, அவர் பேச்சைக் கேட்டு, அரசே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே இருக்க வேண்டும். ஒரு சட்டம் யாரை வெளியே தள்ளுகிறது என்ற விளைவைப் பார்க்கும் கடமையும் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அது முடியாத காரியமும் இல்லை. 2023ல் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தில் தள்ளிப்போனபோது, அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாக்கு திரும்பிய பிறகும் வாக்கின் பலன் வந்து சேர நாளானது. ஊர்ப்புற உள்ளூராட்சி மன்றங்களுக்கான 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவழிக்கக் குறுக்கே நின்றது. மலையகத்தார் வாக்களித்து, மலையகத்தாரே உறுப்பினராகி உட்கார்ந்த சபை, லயத்துக்குப் போகும் பாதையில் கல்லைப் போட முடியாது. தோட்டம் கம்பெனியின் இடம். இதைத் திருத்த 2018 ஆனது. நுவரெலியா மாவட்டத்தில் மிகப் பெரிதாக இருந்த இரண்டு பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இன்றும் பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. தபால்காரர் தோட்ட ஆபீசோடு திரும்பிவிடுவார். கடிதக் கட்டு அங்கிருந்து யார் கையிலாவது தோட்டத்தின் பிரிவான டிவிசனுக்கு வந்து, கோயிலிலோ கடையிலோ கிடந்து, கேட்டு விசாரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கடிதம், பிள்ளையின் நேர்முகத் தேர்வு அழைப்பு, தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டை, எல்லாம் அதே வழியில்தான் வருகிறது. ஒரு காலத்தில் செக்ரோல் இருந்த அதே ஆபீஸ்.